குளிர்காலச் சோர்வும் நெடுந்தூர மலைப்பாதை ஓட்டப் பயிற்சியும்: தொடர்வதா, குறைப்பதா?

கேள்வி: கருக்கல்_ஓடி

அனைவருக்கும் வணக்கம். கோடையின் தொடக்கத்தில் நடைபெறும் 100 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டம் ஒன்றுக்குப் பதிவு செய்திருக்கிறேன். நான் நாற்பது வயதைக் கடந்த பெண். முழுநேர வேலையும் குடும்பப் பொறுப்புகளும் உண்டு. 50 கிலோமீட்டர் ஓட்டங்களை முடித்த அனுபவம் இருக்கிறது. இலையுதிர்காலம் முடியும்வரை பயிற்சி ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தது. பகல் குறுகத் தொடங்கிய பிறகு எல்லாமே மந்தமாகிவிட்டது. விடிவதற்கு முன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறேன், இல்லையென்றால் வேலை முடிந்து இருட்டிய பிறகு ஓடுகிறேன். வாரநாள்களில் வெயில் முகத்தில் படுவதே இல்லை.

வழக்கமான ஏற்றத்தில் கால்கள் கனக்கின்றன. அதே பாதையை முடிக்க முன்பைவிடக் கூடுதல் நேரமாகிறது. எட்டு மணி நேரம் தூங்கினாலும் எழும்போது தூங்கிய உணர்வு இல்லை. காலையில் படுக்கையில் இருந்தபடியே பார்க்கும் இதயத்துடிப்பும் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடியிருக்கிறது. சில நாள்களில் கிளம்பிய சிறிது நேரத்தில் உடல் இளகிவிடுகிறது. வேறு சில நாள்களில் கடைசிவரை இளகுவதே இல்லை. வார இறுதியின் நீண்ட ஓட்டத்தை நினைத்தாலே முந்தைய நாளே மனம் சோர்ந்துவிடுகிறது. ஓட்டத்தை நேசிக்கும் எனக்கு இதுதான் மிகவும் கவலை தருகிறது.

குளிர்காலத்தில் சேர்க்கும் கிலோமீட்டர்கள்தான் கோடையில் கைகொடுக்கும், விடாமல் ஓடு என்கிறார்கள் ஒரு சாரார். உடல் கேட்பதைக் கொடு, ஓய்வெடு என்கிறார்கள் மற்றொரு சாரார். இந்தச் சோர்வு பருவத்தால் வந்ததா, பயிற்சியின் சுமையால் வந்ததா, அல்லது உடலில் ஏதோ குறை இருப்பதன் அறிகுறியா என்பதை எப்படிப் பிரித்தறிவது? இதுவரை சேர்த்த திறனை இழக்காமல் எவ்வளவு வரை குறைக்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1: முகடு

வணக்கம் சகோதரி. நீங்கள் எழுதியிருப்பவற்றில் ஒன்றை மட்டும் முதலில் ஒதுக்கிவைத்துவிடலாம். அதே பாதைக்குக் கூடுதல் நேரமாகிறது என்பதை வைத்து உங்கள் திறன் குறைந்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. சேற்றில் ஒவ்வோர் அடியும் சற்று வழுக்கிப் பின்வாங்குகிறது. காலணியில் ஒட்டிய மண்ணின் எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது. தலைவிளக்கின் வட்டத்துக்குள் தெரியும் கற்களையும் வேர்களையும் மட்டுமே பார்த்துக் கால் வைப்பதால் நடை இயல்பாகவே சுருங்கிவிடுகிறது. குளிர்காலத்தில் தூரத்தையும் வேகத்தையும் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டு, ஓடிய நேரத்தையும் ஏறிய உயரத்தையும் மட்டும் எழுதுங்கள்.

மணிக்கட்டில் கட்டும் கடிகாரத்தின் இதயத்துடிப்பு எண்ணையும் குளிரில் அப்படியே நம்ப வேண்டாம். குளிரில் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக்குழாய்கள் சுருங்கிவிடுவதால், ஒளியைப் பாய்ச்சித் துடிப்பை அளக்கும் அந்த உணரி தடுமாறுகிறது. சில வேளைகளில் காலடிகளின் எண்ணிக்கையையே துடிப்பென்று காட்டிவிடும். மார்புப் பட்டை இருந்தால் அதை அணியுங்கள். இல்லையென்றால் முழு வாக்கியங்களாகப் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மெதுவான ஓட்டத்துக்கு அதைவிட நல்ல அளவுகோல் வேண்டியதில்லை. ஆனால் காலையில் படுக்கையில் பார்க்கும் துடிப்பு வேறு விஷயம். அது ஒரு நாள் கூடினால் பொருட்படுத்த வேண்டாம். தொடர்ந்து பல நாள்கள் கூடியே இருந்தால் காரணத்தைத் தேடத்தான் வேண்டும்.

பிரித்தறிவதற்கு நான் பயன்படுத்தும் முறை எளியது. எந்த நாளானாலும் வெளியே கிளம்பி, முதல் 20 நிமிடங்களை மிக மெதுவாக, ஏற்றங்களில் நடந்துகூடச் செல்லுங்கள். இருட்டிலும் குளிரிலும் படுக்கையை விட்டு எழுந்த மந்தம் மட்டுமே காரணமென்றால், உடல் சூடேறியதும் கால்கள் இலகுவாகும். அன்றைய பயிற்சியைத் திட்டப்படியே தொடரலாம். 20 நிமிடங்களுக்குப் பிறகும் கனம் குறையாமல், மெதுவான ஓட்டத்துக்கே மூச்சு வாங்கினால், வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். அப்படித் திரும்பும் நாள்களைப் பதிவேட்டில் குறித்துவையுங்கள். அவை எப்போதாவது வந்தால் கவலையில்லை. கடினமான பயிற்சிக்கு மறுநாள்களில் மட்டும் வந்தால், அந்தப் பயிற்சிகளுக்கு இடையிலான இடைவெளி போதவில்லை என்று பொருள். ஓய்வு எடுத்த பிறகும் வந்துகொண்டே இருந்தால், அதை ஓட்டப் பயிற்சியின் கணக்கில் தீர்க்க முடியாது; மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டீர்கள். 1980களின் தொடக்கத்தில் ராபர்ட் ஹிக்சனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகள் இன்றும் ஆறுதல் தருபவை. வாரத்துக்கு 6 நாள்கள், நாளுக்கு 40 நிமிடங்கள் என 10 வாரங்கள் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை, அடுத்த 15 வாரங்களுக்கு 4 நாள்களாகவும் 2 நாள்களாகவும் குறைக்கச் சொன்னார்கள். பயிற்சியின் தீவிரம் மாறாதவரை, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு ஏறத்தாழ அப்படியே நின்றது. தீவிரத்தைக் குறைத்தபோதுதான் அது சரிந்தது. ஆனால் நமக்கு முக்கியமான இன்னொரு முடிவும் அந்த ஆய்வுகளில் உண்டு: ஒவ்வொரு பயிற்சியின் நேரத்தையும் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கியவர்களுக்கு, நெடுநேரம் தாங்கும் திறன் குறைந்தது. நாள்களைக் குறையுங்கள், நடுத்தர நீளமுள்ள ஓட்டங்களை நீக்குங்கள், ஆனால் வாரத்துக்கு ஒரு முறை ஏற்றத்தில் மூச்சு வாங்கும் சிறு பயிற்சியையும், ஓரளவு நீண்ட ஓட்டத்தையும் கைவிடாதீர்கள். போட்டிக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கும்போது, அடுத்தடுத்த இரண்டு நாள்களில் நீண்ட ஓட்டங்களை வைப்பதற்கு இப்போது எந்த அவசியமும் இல்லை.


மறுமொழி 2: நாடித்துடிப்பு

நான் மருத்துவர், மலைப்பாதைகளில் ஓடுபவளும்கூட. முகடு அவர்கள் சொன்ன 20 நிமிடச் சோதனையை நானும் பரிந்துரைக்கிறேன். ஆயினும் உங்கள் விவரங்களைப் படித்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது இரத்தப் பரிசோதனைதான். நெடுந்தூரம் ஓடும் பெண், தூங்கியும் தீராத சோர்வு, ஏற்றத்தில் கனக்கும் கால்கள், கூடியிருக்கும் இதயத்துடிப்பு ஆகிய நான்கும் சேர்ந்து வரும்போது, பருவத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு அமைதியாக இருப்பது சரியாகாது.

ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று அனுப்பிவிடும் வழக்கம் உண்டு. ஹீமோகுளோபின் குறைவதற்கு வெகு முன்பே, உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பு காலியாகத் தொடங்கிவிடும். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. விளையாட்டு மருத்துவத்தில் 30 அல்லது 35க்குக் கீழே இறங்கும்போதே கவனம் செலுத்துகிறோம். ஓடுபவர்கள் வியர்வை வழியாகவும், குடலில் ஏற்படும் நுண்ணிய கசிவு வழியாகவும் இரும்பை இழக்கிறார்கள். பாதம் தரையில் மோதும் அதிர்ச்சியில் சிவப்பணுக்கள் உடைவதும் உண்டு. மாதவிடாய் இழப்பு இவற்றோடு சேர்கிறது. நாற்பதுகளில் அது அதிகமாகப் போவதும் உண்டு, அப்படியானால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கடுமையான ஓட்டத்துக்குப் பிறகு ஏறத்தாழ 3 முதல் 6 மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, உணவிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவதையே தடுக்கிறது. ஆக, இழப்பு கூடுகிறது, வரவு குறைகிறது.

பரிசோதனைக்கு முந்தைய ஓரிரு நாள்களில் கடினமாக ஓடாதீர்கள். காய்ச்சல், சளி இருக்கும்போதும் எடுக்காதீர்கள். உடலில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். ஃபெரிட்டினோடு முழு இரத்த அணுக்களின் எண்ணிக்கை, தைராய்டுக்கான டிஎஸ்எச், வைட்டமின் டி ஆகியவற்றையும் கேளுங்கள். 42 பாகை வடக்கு அட்சத்தில்கூட நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வெயிலில் தோலால் வைட்டமின் டி தயாரிக்க முடிவதில்லை. இருட்டில் மட்டுமே ஓடுபவருக்கு அது குறைந்திருந்தால் வியப்பில்லை. தயவுசெய்து முடிவைப் பார்க்காமல் இரும்பு மாத்திரையைத் தாமாகத் தொடங்க வேண்டாம். தேவையில்லாதவருக்கு இரும்பு சேர்வது கல்லீரலுக்குக் கேடு.

இரத்தத்தில் தெரியாத காரணம் ஒன்றும் உண்டு. அது உணவு போதாமை. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டு, 2023இல் அதைப் புதுப்பித்தது. கணக்காகவே பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கொழுப்பு நீங்கலான எடை 46 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்துக்குச் செலவானது போக, அந்த எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 45 கிலோகலோரி அளவில் மிஞ்சினால் உடலின் மற்ற வேலைகள் தடையின்றி நடக்கும், அதாவது 2,070. 25 கிலோமீட்டர் ஓடினால் கிலோவுக்கும் கிலோமீட்டருக்கும் சுமார் 1 கிலோகலோரி வீதம் 1,500 செலவாகிறது. ஆக, அந்த நாளுக்கு 3,570 தேவை. ஏற்ற இறக்கமும் சேறும் அதை இன்னும் கூட்டும். வழக்கமான நாளின் உணவையே அன்றும் சாப்பிட்டுவிட்டுப் படுப்பவர்கள் எத்தனையோ பேர். மிஞ்சுவது கிலோவுக்கு 30க்குக் கீழே பல நாள்கள் தொடர்ந்தால், மாதவிடாய் ஒழுங்கு குலைவது, எலும்பு வலுவிழப்பது, தூக்கம் கெடுவது, உற்சாகம் வற்றிப்போவது என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். குளிரில் தாகம் தெரியாததுபோல, ஓடும்போது பசியும் தெரியாமல் போகிறது. கையுறையைக் கழற்றிப் பொட்டலத்தைப் பிரிக்கச் சோம்பி, மூன்று மணி நேர ஓட்டத்தை வெறும் தண்ணீரோடு முடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போகட்டும்.

கடைசியாக ஒன்று: காய்ச்சலோ, மார்பில் பாரமோ, உடல் முழுதும் வலியோ இருக்கும் நாளில் ஓடவே கூடாது. வைரஸ் தொற்றின்போது கடினமாக உழைப்பது இதயத் தசை அழற்சியின் ஆபத்தைக் கூட்டும். இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம்.


மறுமொழி 3: வெளிச்சம்_தேடி

நாடித்துடிப்பு அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. நான் வெளிச்சத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் எனக்குக் குளிர்காலத்தை மாற்றித் தந்தது அதுதான்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள்; அலுவலக அறையின் விளக்கொளி பொதுவாக 300 முதல் 500 லக்ஸ். மேகம் மூடிய குளிர்கால நண்பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். உடலின் உள் கடிகாரத்துக்கு நாளின் தொடக்கத்தை அறிவிப்பது அந்த வெளிச்சமே. அது கிடைக்காதபோது எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூக்கம் தவறான நேரத்தில் நிகழ்கிறது. விழிக்கும்போது உடல் இன்னும் இரவில்தான் இருக்கிறது. நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் 1984இல் பருவகால மனச்சோர்வை விவரித்தபோதே, ஒளியை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்று வழக்கமாகச் சொல்லப்படுவது, காலையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் சுமார் 30 நிமிடங்கள் அமர்வது. கண் நோய் உள்ளவர்களும் இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

விளக்கு வாங்குவதற்கு முன், வாரத்தில் ஒன்றிரண்டு ஓட்டங்களை மதிய இடைவேளைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். 35 நிமிடங்கள் போதும். வேகம், ஏற்றம் எதுவும் வேண்டாம். மாலை இருட்டில் கடினமான பயிற்சியை முடித்த ஒரு மணி நேரத்துக்குள் படுக்கைக்குப் போவதையும் தவிர்த்துவிடுங்கள். பிற்பகல் காபியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: குடித்த காஃபீனில் பாதி 5 மணி நேரம் கழித்தும் பொதுவாக உடலில் இருக்கும்.

நீண்ட ஓட்டத்தை நினைத்து மனம் சோர்வதாக எழுதியிருந்தீர்கள். ஓட்டத்தைத் தாண்டி, மற்றவற்றிலும் விருப்பம் அற்றுப்போய், இரண்டு வாரங்களுக்கு மேல் அப்படியே நீடித்தால், அதையும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.


மறுமொழி 4: இரவுப்பாதை

சற்று மாறுபட்ட கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். 100 கிலோமீட்டர் ஓட்டத்தின் பின்பாதி முழுவதும் சோர்வோடுதான் ஓட வேண்டியிருக்கும். பலருக்கு அதில் ஓர் இரவும் அடங்கும். இருட்டில், குளிரில், கால்கள் மறுக்கும் நிலையில் ஓடிப் பழகுவதற்குக் குளிர்காலத்தைவிட நல்ல பள்ளி இல்லை. பிரிட்டனில் ஜனவரியில் நடக்கும் ஸ்பைன் ரேஸ் என்ற போட்டியில், பெனைன் பாதை என்ற நெடும் மலைப்பாதையின் 268 மைல்களை ஓடுகிறார்கள். அங்கே அந்த மாதத்தில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 8 மணி நேரம்தான். 2019இல் ஜாஸ்மின் பாரிஸ் என்ற பிரிட்டன் வீராங்கனை, கைக்குழந்தைக்காக வழியில் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டே ஓடி, 83 மணி 12 நிமிடங்களில் ஆண் பெண் அனைவரையும் முந்தி முதலிடம் பெற்றார். அதுபோன்ற உறுதி வெயில் காலத்தில் மட்டும் ஓடி வருவதில்லை.

ஆகவே, இரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லையென்றால், மாதத்துக்கு ஒரு முறையாவது, வேண்டுமென்றே இரவில் ஒரு நீண்ட ஓட்டத்தை வையுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். விளக்கின் மின்கலம் குளிரில் விரைவாகத் தீர்ந்துவிடும் என்பதால், மாற்று மின்கலத்தை உடலோடு ஒட்டிய பையில் வையுங்கள்.


மறுமொழி 5: முகடு

இரவுப்பாதை அவர்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். சோர்ந்த காலோடு ஓடப் பழகுவது வேறு, மீளாத உடலோடு ஓடுவது வேறு. முன்னதில் இரண்டு மூன்று நாள்களில் கால்கள் திரும்பக் கிடைக்கும், அதற்கான பலனும் தெரியும். பின்னதில் வாரங்கள் போனாலும் கிடைக்காது. 2013இல் ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு அறிவியல் அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட அறிக்கை இந்த வேறுபாட்டைத்தான் மீளும் காலத்தைக் கொண்டு வகுத்தது: சில நாள்களில் மீண்டு முன்னைவிட மேம்பட்டால் பயனுள்ள சுமை, வாரங்களும் மாதங்களும் ஆகியும் மீளாவிட்டால் கேடு. ஜாஸ்மின் பாரிஸ் போன்றவர்களின் உறுதியை வியக்கிறோம், வியக்கவும் வேண்டும். ஆனால் அவர்கள் ஒரு போட்டியில் செய்ததை நாம் வாரம்தோறும் பயிற்சியில் செய்தால், தொடக்கக் கோட்டுக்கே போய்ச் சேர மாட்டோம்.


மறுமொழி 6: கருக்கல்_ஓடி

விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பரிசோதனை செய்துகொண்டேன். ஹீமோகுளோபினும் தைராய்டும் இயல்பாக இருக்கின்றன, வைட்டமின் டி சற்றுக் குறைவு, ஃபெரிட்டின் 14. மருத்துவர் இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கச் சொல்லி, சில வாரங்கள் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு ஓட்டங்களை நண்பகலுக்கு மாற்றிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். மாத்திரையை ஓட்டத்தோடு எப்படிப் பொருத்துவது? நீண்ட ஓட்டங்களைக் குறைத்திருக்கும் இந்தக் காலத்தில், இறக்கங்களைத் தாங்கும் வலு தொடையில் குறைந்துவிடாமல் இருக்க என்ன செய்வது?


மறுமொழி 7: நாடித்துடிப்பு

14 என்பது உங்கள் சோர்வை விளக்கப் போதுமான எண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பதில் உறிஞ்சப்படும் விகிதம் கூடுகிறது, வயிற்றுத் தொல்லையும் பலருக்குக் குறைகிறது. காலையில், ஓடுவதற்கு முன்போ ஓடி முடித்த அரை மணி நேரத்துக்குள்ளோ, ஹெப்சிடின் உயர்வதற்கு முன்பாக எடுத்துவிடுங்கள். வைட்டமின் சி உள்ள பழத்தோடு எடுக்கலாம். தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றிலிருந்து ஓரிரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். சேமிப்பு நிரம்ப மாதங்கள் ஆகும். சில வாரங்களில் உடல் தேறியதாகத் தோன்றியவுடன் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மறுபரிசோதனை வரை கடினமான பயிற்சியை வாரத்துக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.


மறுமொழி 8: முகடு

இறக்கத்தில் தசை நீண்டபடியே சுமை தாங்க வேண்டியிருக்கிறது. தொடையில் வலி வருவது அதனால்தான். நல்ல செய்தி என்னவென்றால், ஒரு முறை அப்படி உழைத்த தசை அடுத்த பல வாரங்களுக்கு அதே உழைப்பில் குறைவாகவே சேதமடைகிறது. ஆகவே இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை, மிதமான இறக்கம் ஒன்றில் சில தடவைகள் கட்டுப்பாட்டோடு இறங்கினாலே அந்தப் பாதுகாப்பைத் தக்கவைத்துக்கொள்ளலாம். உறைந்த தரையிலோ வழுக்கும் சேற்றிலோ அதைச் செய்ய வேண்டாம். அப்படிப்பட்ட நாள்களில் வீட்டிலேயே ஒரு படியின் விளிம்பில் நின்று, ஒரு காலை மெதுவாக, மூன்று வரை எண்ணியபடி கீழே இறக்கித் தரையைத் தொட்டு மீண்டும் ஏற்றுங்கள். காலுக்கு 8 முதல் 10 முறை, மூன்று சுற்றுகள். முழங்கால் உள்பக்கம் சாயாமல் இரண்டாவது கால்விரலின் நேரே இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். எளிதாகிவிட்டால் முதுகுப்பையில் எடை சேர்க்கலாம். கடினமான ஓட்டம் உள்ள நாளிலேயே, ஓட்டத்துக்குப் பிறகு இதைச் செய்துவிட்டால், அடுத்த நாள் முழு ஓய்வு நாளாகவே இருக்கும்.